சங்கிலிக் கூடையும் மடத்துக்குளத்துப் பட்டறையும்

ஒரு விளையாட்டு ஓர் ஊரில் தங்குமா தங்காதா என்பதைப் பெரும்பாலும் அதன் விதிகள் தீர்மானிப்பதில்லை. அதற்காக மண்ணில் நடப்படும் பொருளின் விலையும் ஆயுளுமே தீர்மானிக்கின்றன. நற்றிணையின் மூன்றாம் பாட்டில், வேப்பமர நிழலில் கட்டம் கீறி, நெல்லிக்காயை வட்டாக வைத்துச் சிறுவர் ஆடுகிறார்கள். கருவி மரத்திலிருந்து உதிர்கிறது, ஆடுகளம் ஒரு குச்சியால் முடிந்துவிடுகிறது. அந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போது பாலையின் வெம்மை, தலைவனின் தயக்கம் என்றெல்லாம் விரித்துச் சொல்கிறோம். அந்தச் சிறுவர்கள் யாரிடமும் நன்கொடை கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இலக்கியப் பக்கத்தில் இரும்புக் கூடையைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் படித்தும் வேலை பார்த்தும் ஊர் திரும்பிய நம் பகுதி இளைஞர்கள் சிலர் பறக்கும் தட்டு எறியும் பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். சென்னைக் கடற்கரையில் அணி பிரிந்து தட்டை எறிந்து பிடிக்கும் ‘அல்டிமேட்’ ஆட்டம் இரண்டாயிரங்களிலிருந்தே வழக்கில் உண்டு. இவர்களுக்கு வந்திருக்கும் ஆசை வேறு. தட்டைக் கூடையில் விழவைக்கும் ‘டிஸ்க் கோல்ஃப்’ களம் ஒன்றை மடத்துக்குளத்தில் அமைக்க வேண்டுமாம். பின்னலாடைத் தொழிலில் இருக்கும் ஒருவர் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்பது கூடைகள் தேவை. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதா, இங்கேயே செய்வதா என்ற கேள்வி நம்மிடம் வந்தது. தமிழ் வாத்தியாரிடம் ஏன் கேட்டார்கள் என்று வாசகர் வியக்கலாம். நாமும் வியந்தோம். ஆனால் கேட்டுவிட்டார்களே, யோசிக்காமல் இருக்க முடியுமா?

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கோல்ஃப் போன்றதே இதுவும். பந்துக்குப் பதில் 21 சென்டிமீட்டர் அளவுள்ள தட்டு, குழிக்குப் பதில் கம்பத்தில் பொருத்திய கூடை. மிகக் குறைந்த எறிகளில் தட்டைக் கூடைக்குள் சேர்ப்பவர் வென்றவர். புல்வெளி வேண்டாம், அதற்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். அமராவதித் தண்ணீருக்கு ஆயக்கட்டுக்காரர்கள் முறை வைத்துக் காத்திருக்கும் ஊரில் இது சின்ன விஷயமன்று. மேடு பள்ளம், வேம்பு, கருவேலம் எல்லாம் ஆட்டத்தின் பகுதியே. கூடை ஒன்றுக்கு அரை ஏக்கரிலிருந்து ஓர் ஏக்கர்வரை இடம் இருந்தால் தாராளம்.

கூடையின் வரலாறு நம் கேள்விக்கு நேரே உதவுகிறது. எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர் வாம்-ஓ நிறுவனத்தில் ஃபிரிஸ்பீ தட்டைச் செப்பனிட்டவர். அவர் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். அப்போது கூடை கிடையாது, வெறும் கம்பங்கள்தான். தட்டு கம்பத்தில் பட்டதா, உரசிப் போனதா என்று ஆட்டக்காரர்கள் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையைத் தீர்க்கவே கம்பத்தைச் சுற்றிச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே ஒரு கூடையை வைத்தார். 1977இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையின் காலம் முடிந்து பல்லாண்டுகள் ஆகின்றன. சங்கிலியும் கூடையும் என்ற அடிப்படை அமைப்பை இன்று உலகில் எந்தப் பட்டறையும் செய்யலாம். (2002இல் ஹெட்ரிக் இறந்தபோது அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். ஆற்றில் கரைப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று சொன்னால் உறவினர்கள் நம்மை வீட்டுக்குள் விடமாட்டார்கள்.)

இதற்கு முன்னோடியான இன்னொரு கூடையையும் நினைத்துக்கொள்ளலாம். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைத் தொடங்கியபோது மாட்டியது பீச் பழம் அள்ளும் கூடைகளை. கிடங்கில் கிடந்தவை, செலவில்லாதவை. பந்து விழுந்தால் ஏணி வைத்து ஏறி எடுத்தார்கள். பிறகுதான் அடிப்பாகம் போய், இரும்பு வளையமும் வலையும் வந்தன. கூடை போன பின்பும் ‘கூடை’ என்ற சொல் மட்டும் நம் தமிழ்ப் பெயர்வரை தொங்கிக்கொண்டிருக்கிறது.

கையில் கிடைத்ததைக் கொண்டு தொடங்கிய ஆட்டங்கள்தாம் நம் ஊர்களிலும் வேர்விட்டன. கைப்பந்து 1895இல் அமெரிக்காவில் பிறந்தது. ஒய்.எம்.சி.ஏ. வழியாக இங்கே வந்தது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் இத்தகைய ஆட்டங்களைப் பள்ளி பள்ளியாகக் கொண்டு சென்றார்கள். கணியூரிலும் கொழுமத்திலும் கைப்பந்தாடும் இளைஞனுக்கு அது அமெரிக்க ஆட்டம் என்ற நினைவே கிடையாது. இரண்டு கம்பம், ஒரு வலை. வலை கிழிந்தால் கயிறு. தஞ்சையில் பிறந்ததாகச் சொல்லப்படும் பூப்பந்தும் மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய பந்தை நம்பிய ஆட்டமே.

எதிர்ப்பக்கத்துக்குச் சான்று வேண்டுமானால் ஹாக்கியைப் பார்க்கலாம். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. அதற்கு முன் எந்த ஒலிம்பிக்கிலும் பதக்கமின்றித் திரும்பாத இந்திய அணி ஏழாம் இடத்தில் வந்து நின்றது. தோல்விக்குக் காரணங்கள் பல சொல்வார்கள். நமக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். மண் தரையில் கற்ற பையனுக்கும் உச்சத்தில் ஆடப்படும் ஆட்டத்துக்கும் இடையே கோடிக்கணக்கில் விலையுள்ள ஒரு விரிப்பு வந்து படுத்துக்கொண்டது.

நிற்க. இனிக் கணக்குக்கு வருவோம். போட்டித் தரமுள்ள கூடை வெளிநாட்டுச் சந்தையில் பொதுவாக 300 முதல் 500 டாலர்வரை விற்கிறது. நடுவே 350 என்று வைத்து, டாலருக்கு 85 ரூபாய் என்று பெருக்கினால் ஒரு கூடை 29,750 ரூபாய். ஒன்பதுக்கு 2,67,750. இருபது முப்பது கிலோ எடையுள்ள இரும்பைக் கடல் கடத்தும் கூலியும் சுங்கவரியும் இதில் சேரவில்லை. நூறு டாலர்ச் சுற்றில் மடக்கு வகைக் கூடைகளும் கிடைக்கின்றன. அவை மாலையில் விரித்து இரவில் வீட்டுக்குள் எடுத்து வைப்பதற்கானவை. அவற்றைப் பொதுவெளியில் நட்டால் ஒரு மழைக்காலம் தாங்கினாலே பெரிது.

உள்ளூரில் செய்தால்? இருபத்தைந்து கிலோ குழாயும் கம்பியும் கிலோ 80 ரூபாய் வீதம் 2,000. சங்கிலி பத்து கிலோவை இரட்டை விலைக்குப் போட்டாலும் 1,600. வெல்டிங் கூலி, துத்தநாகப் பூச்சு, வண்டி வாடகை, கான்கிரீட் எல்லாம் சேர்த்தாலும் ஒரு கூடை பத்தாயிரத்தைத் தாண்டாது என்பது நம் கணிப்பு. முதல் கூடைக்குக் கொஞ்சம் கூடலாம். பட்டறைக்காரர் கற்றுக்கொள்வதற்கும் கூலி உண்டல்லவா?

‘மலிவு என்றால் மட்டம்’ என்று இளைஞர்களில் ஒருவர் மறுத்தார். அவர் சொன்னதில் நியாயமில்லாமல் இல்லை. உள்ளூர் இரும்பு வேலை எப்படிக் கெடும் என்பது நமக்கெல்லாம் தெரியும். சிறுவர் பூங்காக்களின் ஊஞ்சல்களைப் பாருங்கள். குழாய் நன்றாக இருக்கும், பற்றவைத்த மூட்டு மட்டும் துருவேறி உதிரும். காரணம் இதுதான். பட்டறைக்காரர் ஏற்கெனவே துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை வாங்கி, அறுத்து, பற்றவைக்கிறார். வெல்டிங் சூட்டில் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்துபோகிறது. அதன்மேல் சில்வர் பெயின்ட் அடித்துக் கொடுக்கிறார். பளபளப்பு திறப்புவிழாவரை நிற்கும்.

செய்ய வேண்டியது வரிசையை மாற்றுவது. கறுப்பு இரும்பை முதலில் அறுத்து, வளைத்து, பற்றவைத்து, துளையெல்லாம் போட்டு முடித்த பின்பு முழுக் கூடையையும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுக்க வேண்டும். ஏறத்தாழ 450 டிகிரி வெப்பத்தில் துத்தநாகம் இரும்போடு கலந்து தோலாகப் படிகிறது. மின்கோபுரங்களுக்குச் செய்வதும் இதையே. மின்முலாம் பூசினால் பொதுவாக ஐந்து முதல் பதினைந்து மைக்ரான். முக்கியெடுத்தால் ஐம்பதுக்கு மேல். கீறல் விழுந்தாலும் பக்கத்துத் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். பெயின்டுக்கு இந்தக் குணம் கிடையாது. ஒரு எச்சரிக்கை: மூடிய குழாய்க்குள் ஈரமோ காற்றோ அடைபட்டிருந்தால் அந்தச் சூட்டில் வெடிக்கும். ஆகவே குழாய்களில் காற்றுத் துளை போடாமல் அனுப்பக் கூடாது. முக்கும் வேலையை ஊருக்குள் செய்ய முடியாது, ஒரே வண்டியில் ஒன்பதையும் ஏற்றிக் கோவைப் பக்கம் அனுப்பத்தான் வேண்டும். நம் ஊர் கடலோரத்து ஊரன்று, மலை மறைவில் உள்ள உலர்ந்த பூமி. ஒழுங்காக முக்கிய இரும்பு இங்கே இருபது ஆண்டுகளை அலட்சியமாகக் கடக்கும்.

சங்கிலி விஷயம் இதைவிட நுட்பமானது. கூடையின் உயிரே அதுதான். வேகமாக வரும் தட்டைச் சங்கிலி தடுப்பதில்லை, தளர்ந்து கொடுத்து அதன் வேகத்தைத் தின்கிறது. ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியோடு உரசி, மோதி, ஆடி, தட்டின் விசையைக் கலைத்துவிடும். தட்டு சோர்ந்து கீழே விழும். மெல்லிய சங்கிலி என்றால் தட்டு ஊடுருவி மறுபக்கம் போய்விடும். ஊஞ்சல் சங்கிலிபோலக் கனத்து விறைத்ததென்றால் சுவரில் பட்டதுபோலத் திரும்பி வரும். வெளிவட்டம் ஒன்று, உள்வட்டம் ஒன்று என்று இரண்டு வரிசை தொங்கவிடுவது இதற்காகவே. எந்தக் கனம் சரி என்று ஏட்டில் தேடுவதைவிட, மூன்று வகைச் சங்கிலியை வாங்கித் தொங்கவிட்டு, ஆட்டத்தில் முக்கியமாகக் கருதப்படும் 10 மீட்டர் தூரத்திலிருந்து ஐம்பது முறை எறிந்து எண்ணிப் பார்ப்பது நல்லது. உயரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கூடையின் விளிம்பு தரையிலிருந்து 82 சென்டிமீட்டர், ஆறு கூடலாம் குறையலாம் என்பது உலக அளவில் ஏற்ற விதி. அதைக் காத்தால் இங்கே பழகியவர் எங்கே போயும் ஆடலாம்.

ஆகவே நாம் சொன்ன முடிவு இது: ஒன்றை வாங்குங்கள், எட்டைச் செய்யுங்கள். வாங்கிய ஒன்று மாதிரி. அதைப் பட்டறையில் வைத்து, அளந்து, சங்கிலியை எடைபோட்டு, எங்கே மூட்டு, எங்கே வளைவு என்று பார்த்துச் செய்யட்டும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. கொங்கு நாட்டுத் தொழிலின் பாதி வரலாறே இப்படி எழுதப்பட்டதுதான். 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டாரை உள்நாட்டில் செய்து காட்டியபோது மோட்டார் என்ற பொருள் உலகுக்குப் புதிதாக இருக்கவில்லை. கழற்றிப் பார்க்கத் துணிந்த கை இங்கே புதிது. அந்தக் கையின் வாரிசுகள் உடுமலைச் சாலையில் கேட் கிராதியும் டிராக்டர் கலப்பையும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

விலையைவிட நமக்குப் பெரிதாகப் படுவது பழுது. ஐந்தாம் ஆண்டில் ஒரு சங்கிலி அறும். எருமை உரசிக் கம்பம் சாயும். பையன்கள் மேல்வளையத்தைப் பிடித்துத் தொங்குவார்கள், தொங்காவிட்டால் அவர்கள் பையன்களே அல்லர். இறக்குமதிக் கூடை என்றால் ஒரு கொக்கிக்காகக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். இங்கே செய்ததென்றால் செய்தவரே சைக்கிளில் வந்து பற்றவைத்துவிட்டுப் போவார். 2020இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் என்றும் 2024இல் கலைஞர் பெயரிலான உபகரணத் தொகுப்பு என்றும் ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வந்தன. நல்ல காரியங்கள். ஆனால் பந்தும் மட்டையும் தேய்வதற்கென்றே பிறந்தவை. தேய்ந்த பின் அடுத்தது யார் பொறுப்பு என்ற கேள்வி எந்த ஆட்சிக்கும் பொது. அந்தக் கேள்விக்கு விடை பக்கத்துத் தெருவில் இருக்கும்படியான பொருளைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

திருட்டைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். முப்பது கிலோ இரும்பு பொதுவெளியில் நிற்கிறது, பழைய இரும்புக் கடை கூப்பிடு தூரத்தில். கான்கிரீட்டில் ஒரு வெளிக்குழாயைப் புதைத்து, அதற்குள் கம்பத்தை இறக்கிப் பூட்டுப் போடுவது வெளிநாட்டு வழக்கம். கூடையை இடம் மாற்றி ஆட அது வசதி. இங்கே முதல் இரண்டாண்டுகள் கம்பத்தையே நேரே கான்கிரீட்டில் இறக்கிவிடுவது நல்லது. அடிக்கம்பத்தில் குறுக்காக ஒரு கம்பியைப் பற்றவைத்துவிட்டால் பிடுங்கவும் முடியாது, திருகவும் முடியாது. நன்கொடையாளர் கூடைதோறும் தன் நிறுவனத்தின் பெயர்ப்பலகை வேண்டும் என்கிறாராம். தகரப் பலகை காற்றில் ஆடிக் கம்பத்தைத் தளர்த்தும் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

காற்று என்றதும் ஒன்று. நம் ஊரில் ஆடிக்காற்று விருந்தாளியன்று, குடியிருப்பவன். பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து புகுந்து உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளையெல்லாம் சுற்றவைப்பது அது. எதிர்காற்றில் தட்டு எழும்பும், பின்காற்றில் சட்டென்று அமிழும். ஒன்பது கூடைகளையும் கிழக்கு மேற்காகவே நட்டால் ஆனி முதல் ஆவணிவரை ஆட்டம் சூதாட்டமாகிவிடும். வடக்கு தெற்காகச் சில, மரங்களின் மறைவில் சில என்று கலந்து நட வேண்டும். வீடுகளுக்கு அருகே கூடையே வேண்டாம். காற்றில் சங்கிலி இரவெல்லாம் கலகலக்கும், மூன்றாம் நாள் யாராவது அதைச் சாக்கால் கட்டிவைத்துவிடுவார்கள். பள்ளி மைதானமும் ஆகாது. இந்தத் தட்டுகள் கூரிய விளிம்புள்ளவை, நூற்றெழுபது கிராம் அளவுக்கு எடையுள்ளவை, ஓடிவரும் குழந்தையின் நெற்றியில் பட்டால் விளையாட்டாக இராது. தென்னந்தோப்பு வரிசை வரிசையாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். தட்டு மேலே போகும், காய் கீழே வரும், வேண்டாம்.

இவ்வளவும் யாருக்காக என்பதில்தான் நமக்கு அக்கறை. மைதானம் என்று நம் ஊர்களில் இருப்பவற்றைக் கிரிக்கெட் ஆடும் ஆண்பிள்ளைகள் காலை முதல் மாலைவரை பட்டா போட்டுக்கொண்டார்கள். நூற்பாலைகளிலும் பின்னலாடைக் கூடங்களிலும் வாரம் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் போய் நிற்கவும் இடமில்லை. அணி சேர்க்கத் தேவையில்லாத, தோள்வலிமையைவிடக் கைப்பக்குவம் பெரிதாக இருக்கிற, நடந்துகொண்டே பேசிக்கொண்டே ஆடக்கூடிய ஆட்டம் இது. ஒரு தட்டு போதும், இருவர் மாற்றி எறியலாம். ஆனால் வாங்கிய விலைக்கு அஞ்சி வேலி போட்டு, சந்தா வைத்து, சாவியை ஒருவரிடம் கொடுத்தால் அந்தப் பெண்கள் வரமாட்டார்கள். முப்பதாயிரம் ரூபாய்க் கூடைக்கு வேலி போடத் தோன்றும். பத்தாயிரத்துக்குள் செய்த கூடையை ‘போனால் பட்டறையில் இன்னொன்று’ என்று வெளியில் விட்டுவைக்க மனம் வரும். உள்ளூரில் செய்யுங்கள் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவே முதன்மையான காரணம், மிச்சமாகும் பணம் இரண்டாவதுதான்.

பணம் வரத் தாமதமானால் காத்திருக்கவும் வேண்டாம். ஹெட்ரிக்கின் களமே வெறும் கம்பங்களோடுதான் தொடங்கியது. மூன்று கம்பங்களை இப்போதே நட்டு, கூடையின் உயரத்தில் சிவப்புத் துணி சுற்றி, தட்டு பட்டால் கணக்கு என்று ஆடத் தொடங்கலாம். திருப்பூர்ப் பக்கத்தில் துண்டுத்துணிக்கா பஞ்சம்? பட்டதா படவில்லையா என்ற சண்டை கண்டிப்பாக வரும். அந்தச் சண்டை பெரிதாகும் நாளில் பட்டறைக்காரரையும் கூப்பிட்டுவந்து நிறுத்திக்கொள்ளுங்கள். எதற்காகச் சங்கிலி தொங்க வேண்டும் என்பதை அவருக்கு அதற்குப் பிறகு வரைபடம் போட்டு விளக்க வேண்டியிராது.